இரண்டாம் காது

மார்ச் 4

அம்மா,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. நேரே விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் பாதியில் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நேற்று என் ஆபீஸுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இருபத்து நான்கு வயது ஆள் ஒருவன் ஐந்து மாதமாக ஜெயிலில் இருக்கிறானாம். கிடங்கு மேற்பார்வையாளரைத் தள்ளிவிட்டு மண்டையை உடைத்ததாக வழக்கு. அவனுக்கு எதிராக இருக்கிற பெரிய சாட்சியம் அவன் நண்பனோடு பேசிய ஒரு போன் பேச்சு. அதைக் கேட்டு எழுதி, தாளின் கடைசிக் கட்டத்தில் வார்த்தைகளுக்கு அர்த்தமும் போட்டுக் கொடுத்தது நீ. அதுவரை சரி, அது உன் தொழில். உன் கையெழுத்துக்குக் கீழே 'இரண்டாவதாகக் கேட்டு உறுதி செய்தவர்' என்று என் பெயர் இருக்கிறது. என் ஸ்டாம்பும் இருக்கிறது. 26ஆம் தேதி கோர்ட்டுக்கு வந்து அவனுடைய வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை, அம்மா. எழுத்துப்படியில் போட்டிருக்கும் தேதியில் நான் இங்கே, ஆறு மணி நேர பஸ் தூரத்தில், யாரோ எடுத்த படத்துக்கு சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அந்த ஸ்டாம்பை முன்னறை மேஜையின் மேல் டிராயரில், குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன். அதற்குக் கால் முளைத்திருக்காது.

நீ ஒரு முக்கியமான விஷயத்தையும் போனில் பேச மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று நீயே எழுது.

உன் மகள்


மார்ச் 8

சின்னக் காதுக்கு,

இந்தப் பெயரில் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு வயதில் என் ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு நான் வைத்த பெயர் அது, நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் வைத்தது அல்ல.

போனில் பேசாததற்குக் காரணம் உனக்கே தெரியும். இந்த ஊரில் யார் போனில் என்ன பேசினாலும் கடைசியில் அதைக் கேட்கப்போகிறவள் நான்தான். என் பேச்சை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்யும் கேவலம் எனக்கு வேண்டாம்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், ஸ்டாம்பை நான்தான் வைத்தேன். ஒவ்வொரு எழுத்துப்படியையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது கோர்ட்டு விதி. நீ கதவைச் சாத்திக்கொண்டு போன மறுநாள் காலையில் ஒன்பது பதிவு வந்து நின்றது. இரண்டாவது காதுக்கு ஆள் தேடாமல் இல்லை. முதலில் வந்தவள் மூன்று நாளில் தலைவலி என்று நின்றுவிட்டாள். அடுத்து வந்தவன் ஒரு காதில் என் பதிவு, இன்னொரு காதில் பாட்டு. அவனை நானே அனுப்பிவிட்டேன். அதன் பிறகு காலையில் ஒரு முறை கேட்டேன், மாலையில் முகம் கழுவிவிட்டுப் புதிதாக இன்னொரு முறை கேட்டேன். நீ கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாய். உனக்குக் காது பழக்கியது யார்?

எழுத்துப்படியில் ஒரு எழுத்துப் பிசகில்லை. அவர்கள் பேசியது இதுதான், நீயே பார்.

"நாளைக்கு விசிலுக்கு ஒரு சம்பவம் இருக்கு."

"பெருசாவா?"

"வச்சு செய்யறோம். எல்லாரும் பாக்கணும். மனுஷன் அழுதுட்டுதான் வெளிய போவாரு."

விசில் என்பது அந்த மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குமாம். மறுநாள் மாலை அவர் சரக்கு ஏற்றும் மேடைக்குக் கீழே தலை பிளந்து கிடந்தார். கடைசியாக அவரோடு மேடையில் நின்றவன் இந்த ஃபோர்க்லிஃப்ட்காரன். அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் படுத்திருக்கிறார். சம்பவம் என்றால் கொலை, அல்லது அதற்குக் கொஞ்சம் குறைந்தது. வச்சு செய்வது என்றால் திட்டம் போட்டு அடிப்பது. இதைத்தான் அர்த்தக் கட்டத்தில் எழுதினேன். இதில் உனக்கு என்ன சந்தேகம்?

26ஆம் தேதி நீ வந்து, "ஆமாம், கேட்டேன், சரியாக இருக்கிறது" என்று சொல். நாலே வார்த்தை. இருபத்தாறு வருஷமாக என் தாளை ஒரு கோர்ட்டும் திருப்பி அனுப்பியதில்லை. உன் நாலு வார்த்தையில் அது நிலைக்கும், உன் வாயில் அது போகவும் போகும். இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மா


மார்ச் 12

அம்மா,

வக்கீலிடம் கேட்டுப் பதிவின் நகலை வாங்கினேன். நேற்று ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கேட்டேன். நீ பழக்கியபடியே முதலில் எழுத்துப்படியைப் பார்க்காமல் கேட்டேன், பிறகு தாளை வைத்துக்கொண்டு கேட்டேன். நாலு முறை.

நீ எழுதிய வார்த்தை ஒவ்வொன்றும் சரி. ஒரு எழுத்துப் பிசகில்லை என்றாயே, உண்மைதான். ஆனால் "அழுதுட்டுதான் வெளிய போவாரு" என்பதற்கு அப்புறம் பதினோரு நொடி உன் தாளில் இல்லவே இல்லை. அந்தப் பதினோரு நொடியும் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே வாயால் விசில் அடித்துக் காட்டுகிறான். மற்றவன் மூச்சு வாங்கி மறுபடியும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒருவன் "மைக் யாரு எடுத்துட்டு வர்றா" என்று கேட்கிறான். அந்த இடத்தில் நீ 'தெளிவில்லை' என்று போட்டிருக்கிறாய். எனக்கு இரண்டாவது முறையே தெளிவாகக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பேச்சுக்கு மறுநாள் அந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெறும் நாள் என்று வக்கீல் சொன்னார். இதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கிடங்குப் பசங்கள் மைக் வைத்து, அவரைப் போல நடந்து, அவரைப் போல விசில் அடித்து, மேடையிலேயே அவரைக் கிண்டல் செய்து வழியனுப்பப் போகிறார்கள். இப்போது வச்சு செய்வது என்றால் அதுதான். வலிக்க வலிக்கக் கலாய்ப்பது. சம்பவம் என்றால் ஒருவன் எதையாவது பிரமாதமாகச் செய்து காட்டுவது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாலும் சம்பவம், ஆபீஸ் விழாவில் நன்றாக ஆடினாலும் சம்பவம். கொலை, மரணம், வெறி, தீ என்று இன்றைக்குப் பசங்கள் பாராட்ட எடுக்கிற வார்த்தை எல்லாம் உன் கட்டத்துக்குள் போனால் ஆயுள் தண்டனையாக வெளியே வரும்.

நீ என் பள்ளித் தோழியைப் பார்த்து, "உங்க டீச்சர் செம அறுவையாமே" என்று கேட்டது நினைவிருக்கிறதா? டீச்சருக்கு ஆபரேஷன் என்று நினைத்து அவள் பழம் வாங்கிக்கொண்டு போய் நின்றாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். உன் காலத்து அறுவைதான் அப்புறம் பிளேடு ஆனது, எங்கள் காலத்தில் மொக்கை ஆனது. இப்போது நான் மொக்கை என்று சொன்னாலே ஆபீஸில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் என்னைப் பாவமாகப் பார்க்கிறாள். அவளுக்கு அது கிரிஞ்ச், கூச வைக்கிற பழசு.

நாம் எதற்காகச் சண்டை போட்டோம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். சிரிப்பை எழுத வேண்டும் என்றேன். "சிரிப்பு சத்தம், பேச்சில்லை, சத்தத்துக்கு என் தாளில் இடமில்லை" என்றாய். காரணம் கேட்டதற்கு என் காது கெட்டுப்போய்விட்டது என்றாய். அந்தச் சொல்லைப் பொறுக்க முடியாமல்தான் கிளம்பினேன்.

அவன் அவரைத் தள்ளினானா இல்லையா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் உன் தாளைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கிறது. அதை வைத்துத்தான் இரண்டு முறை அவனுக்கு ஜாமீன் மறுத்திருக்கிறார்கள்.

நீ கேட்ட நாலு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். 22ஆம் தேதிக்குள் நீயே நீதிபதியிடம் போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் 26ஆம் தேதி கூண்டில் ஏறி, அந்த ஸ்டாம்பு என் கை வைத்தது அல்ல என்று நான் சொல்வேன். அப்படிச் சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மகள்


மார்ச் 15

உன் கடிதம் வந்தது.

கெடு வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். சந்தோஷம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ மொக்கை என்றால் உன் ஆபீஸ் பெண் பாவமாகப் பார்க்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் நீயும் பாதிக் கிழவிதான். உன் விளக்கத்தை மட்டும் எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்வது? நாளைக்கே அந்தப் பெண் வேறொன்று சொல்வாள். வார்த்தை ஆளுக்கு ஆள், வருஷத்துக்கு வருஷம் மாறட்டும். மண்டை மாறாது. உடைந்தது உடைந்ததுதான்.

கூண்டில் ஏறுவதானால் ஏறிக்கொள்.


மார்ச் 17

சின்னக் காதுக்கு,

முந்தாநாள் எழுதியதைத் தபாலில் போட்ட பிறகு இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. ஜன்னலுக்குத் தெருச் சத்தம் வராமல் நாம் தொங்கவிட்ட கம்பளி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை விலக்கிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ காரணம் கேட்டாய். நான் உன் காதைக் குறை சொன்னேன். அது தப்பு. காரணம் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம். உனக்கு நாலு வயது. அப்போதெல்லாம் கேசட்டு, காலால் மிதித்து நிறுத்தும் மெஷின். சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஒருவன் ஏதோ அடிதடி வழக்கில் உள்ளே இருந்தான். அவன் போன் பேச்சு ஒன்று எனக்கு வந்தது. "ஞாயித்துக்கெழம வீட்ல ஒரு சம்பவம் இருக்கு. நீ வந்துடாத" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்போது எனக்குச் சம்பவம் என்றால் பத்திரிகையில் வருகிற சம்பவம்தான். நடந்த ஒன்று, நடக்கப்போகிற ஒன்று, அவ்வளவுதான். அர்த்தக் கட்டத்தில் 'நிகழ்ச்சி' என்று எழுதினேன். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'சிரிப்பு' என்றும் எழுதினேன். நீதிபதி என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா நிகழ்ச்சி?" என்று கேட்டார். "வீட்டு விசேஷமா இருக்குங்க ஐயா. சிரிச்சுக்கிட்டேதான் பேசறாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜாமீனில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் தன் மனைவியைக் கொன்றான். அவள் தையல் கடையில் காஜா எடுக்கிறவள். என் வயதுதான்.

திங்கட்கிழமை கோர்ட்டு கேன்டீனில் ஒரு ஏட்டு என் எதிரில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இவனுங்க பாஷையில சம்பவம்னா அதுதாம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். அடிக்கிறவர்கள், கடத்துகிறவர்கள், மிரட்டுகிறவர்கள் பேசும் வார்த்தை ஒவ்வொன்றையும் அதில் எழுதினேன். முதல் வார்த்தை சம்பவம். அன்றிலிருந்து சிரிப்பை எழுதியதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஒரு சிரிப்பை எழுதி ஒருத்தியைக் கொன்றேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டுதான் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

நேற்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதிய தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன் போல.

இப்போது சொல். இன்னொருவன் சிரிக்கிறான் என்று எழுதி, அவனை வெளியே விட்டு, அந்த விசில்காரர் போல் இன்னொருவர் கிடந்தால் உன் கை நடுங்குமா, என் கை நடுங்குமா?

அம்மா


மார்ச் 19

அம்மா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. முதல் கடிதத்துக்குத் திட்டிப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவதைப் படித்த பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். ஊரார் ரகசியம் எல்லாம் நம் காதில் விழுந்தது. உன் ரகசியம் ஒன்று என் காதில் விழவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். நான் இருந்திருந்தால் ஸ்டாம்பை நீ தொட்டிருக்க மாட்டாய். இதில் என் பங்கும் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணக்கை அப்புறம் பார்ப்போம், நாள் இல்லை.

நீ கேட்டது நியாயமான கேள்விதான், என் விளக்கத்தை மட்டும் எப்படி நம்புவது என்று. நம்ப வேண்டாம். நானும் நம்பவில்லை. அதனால்தான் உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்க் கேட்டேன். முதலில் அந்த ஆபீஸ் பெண்ணிடம், ஒன்றும் சொல்லாமல் பதிவை மட்டும் போட்டுக் காட்டினேன். கேட்டு முடிப்பதற்குள் அவளும் சிரித்துவிட்டாள். "யாருக்குக்கா ஃபேர்வெல்?" என்றாள்.

அப்புறம் வக்கீல் மூலமாக அந்தப் போனின் மறுமுனையில் பேசிய நண்பனைப் பிடித்தேன். அவனும் அதே கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். அவன் போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். போலீசிடம் அதைத் தானே எடுத்துக் கொடுத்தானாம். நண்பன் மேல் தப்பில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்திருக்கிறான். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, நாங்க சிரிச்சோம்ல. அது பேப்பர்ல இல்லையே. யாருக்கா எடுத்தாங்க?"

என் அம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தெரியவில்லை என்றேன். உன்னைப் போலவே நானும் ஒரு பொய்யில் ஸ்டாம்பு வைத்துவிட்டேன்.

அம்மா, அந்தத் தையல்காரி விஷயத்தில் நீ சிரிப்பை எழுதியது தப்பில்லை. அவன் சிரித்தான், எழுதினாய். தெரியாத வார்த்தைக்குத் தெரிந்த மாதிரி அர்த்தம் போட்டாயே, அதுதான் தப்பு. அதற்கு நீ தண்டனை கொடுத்ததோ சிரிப்புக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கு 'நிகழ்ச்சி' என்று போட்ட அதே உறுதியோடுதான் இப்போது 'கொலை' என்று போட்டிருக்கிறாய். அந்தக் கட்டத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு முறையாவது 'தெரியாது' என்று எழுதியிருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

அவனை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாய். கை நடுங்கும், இரண்டு பேருக்கும்தான். ஆனால் விடுவதா வேண்டாமா என்று பார்க்க நீதிபதி இருக்கிறார். அவருக்குக் கேட்க வேண்டியதை நாம் எடுத்து ஒளித்து வைத்தால் அவர் எதை வைத்துப் பார்ப்பார்?

26ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நேரே கோர்ட்டுக்குப் போகிறேன், வீட்டுக்கு வர மாட்டேன். வந்தால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நாலு வார்த்தையைச் சொன்னாலும் சொல்லிவிடுவேன். அந்த பயத்தில்தான்.

மகள்


மார்ச் 24

சின்னக் காதுக்கு,

26ஆம் தேதி நீ வர வேண்டாம். கோர்ட்டிலிருந்து உனக்குத் தகவல் வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை போனேன். உன் கெடு 22, அது ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தள்ளியதற்கு என்னைப் பிடித்துக்கொள்ளாதே.

நீதிபதிக்கு நாற்பது வயதிருக்கும். என்னைவிட ரொம்பச் சின்னவர். அவருடைய அறையில் அவர், அரசு வக்கீல், உனக்கு நோட்டீஸ் அனுப்பிய மெல்லிய குரல் வக்கீல், கதவோரம் ஒரு வயதான டவாலி. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"இந்த எழுத்துப்படிய ரெண்டாவதா யாரும் கேக்கலைங்க மேடம். என் பொண்ணு ஊர்லயே இல்ல. ஸ்டாம்பு மட்டும்தான் அவளோடது, வச்சது நான்" என்றேன்.

"இது ஒண்ணுல மட்டுமா?"

"நாப்பத்தொண்ணுல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியுங்க."

எழுத்துப்படியை எடுத்துப் புரட்டினார். அர்த்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "சரி, இப்ப சொல்லுங்க. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

நீ எழுதியதைச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"தெரியாதுங்க மேடம்" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் பழசு. அவங்க சிரிச்சதையும் நான் எழுதல. பதிவப் போட்டு நீங்களே கேளுங்க."

போட்டார்கள். என் ஹெட்போனில் மட்டுமே கேட்ட ஒன்றை இத்தனை பேர் சேர்ந்து கேட்பதை நான் பார்த்ததில்லை. அந்தப் பதினோரு நொடி வந்தது. அந்தப் பையன் வாயால் விசில் அடித்தான். கதவோரம் நின்ற டவாலி 'க்ளுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மேடம், எங்க பழைய ஆபீசரும் இப்படித்தான் விசில் அடிப்பாரு" என்றார். நீதிபதி அவரைத் திட்டவில்லை. மறுபடி ஒரு முறை போடச் சொன்னார். "மைக் யாரு எடுத்துட்டு வர்றா" என்று வந்ததும் அரசு வக்கீல் தாளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ஆயுசுக்கும் போதும்.

சாயங்காலம் அவனுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். விசில்காரருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவன் தள்ளினானா, அவரே சறுக்கினாரா என்பது அவர் பேசினால் தெரியும். பேசாவிட்டால் தெரியாமலே போகும். எப்படியானாலும் அது இனி என் தாளை வைத்து முடிவாகாது.

என் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். நாற்பத்தோரு எழுத்துப்படியையும் வேறு ஆள் வைத்து மறுபடி கேட்கப்போகிறார்கள். அதில் எத்தனை பேர் சிரித்திருந்தார்கள் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் மேல் வழக்கு வரும். உன் ஸ்டாம்பை வாங்கி உறையில் போட்டு எண் ஒட்டிவிட்டார்கள். அது இனி எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நீ கேட்டால் திருப்பித் தரலாம் என்று துடைத்துக்கூட வைத்திருந்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் கூண்டில் ஏறி நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. தெரியாது என்ற வார்த்தை ஒரு முறை வாயில் வந்த பிறகு நிற்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

அந்த அறையில் டவாலி சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினேன். அடக்கிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் அந்தப் பழைய கேசட்டு என் காதில் ஓடியது. அந்த வண்ணக்காரன் சிரிப்பு எனக்கு மறந்ததே இல்லை, எப்போது வேண்டுமானாலும் கேட்கும். ஆனால் அவன் சிரித்த பிறகு மறுமுனையில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் கேட்டேன். மறுமுனையில் பேசியது அவன் தம்பி. அவன் ஒரு சத்தமும் போடவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் போனை வைத்துவிட்டான். அவனோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை, கண்ணு. நான் 'சிரிப்பு' என்று மட்டும் எழுதினேன். யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த நீதிபதி அந்தத் தம்பியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

நீ சொன்னது சரி. உன் காதும் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், போன் பண்ணு. பேசுவதைக் கேட்டு எழுதுகிறவளுக்கு வேலை போய்விட்டது.

அம்மா